ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள்

ஆம்ஸ்டர்டாம் முதல் காவிரிப் படுகை வரை: பெண்களின் 800 மீட்டர் ஓட்டம் கடந்துவந்த நூறாண்டு

தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி விழும் சத்தம். பாடவேளை முடிந்ததற்கான மணி இல்லை; கடைசிச் சுற்றுக்கான மணி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பள்ளி மைதானம் ஒன்றில் குறுவட்ட விளையாட்டுப் போட்டி நடந்தால் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 400 மீட்டர் ஓடுபாதைக்கு இடம் ஏது? அதனால் 200 மீட்டர் வட்டம். சுண்ணாம்புத் தூளில் கோடு. முந்தின நாள் மழை பெய்திருந்தால் அந்தக் கோடும் பாதி கரைந்திருக்கும். மாணவியர் 800 மீட்டர் என்றால் இங்கே நான்கு சுற்று. சிலர் காலில் ஷூ, பலர் வெறுங்கால். மூன்றாவது சுற்றிலேயே வரிசை சிதறிவிடும். கடைசிச் சுற்றில் வேலி ஓரம் நிற்கும் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்துவார்கள்.

முதல் மூவர் கோட்டைத் தாண்டியதும் மேசையில் இருப்பவர் மூன்று பெயர்களை எழுதிக்கொண்டு பேனாவை மூடிவிடுவார். அடுத்த பந்தயத்துக்கு அழைப்பு போய்விடும். நான்காவதாக, ஐந்தாவதாக, எட்டாவதாக வருகிறவள் ஓடி முடிக்கும்போது அதைப் பார்க்க யாரும் இருப்பதில்லை.

இந்தப் பந்தயத்தின் உலக வரலாறும் இப்படிப் பாதியில் மூடப்பட்ட ஒரு பேனாவில்தான் தொடங்குகிறது.

இரண்டு சுற்றும் ஒரு பொய்யும்

பெண்களுக்குத் தடகளம் தானாகக் கிடைத்துவிடவில்லை. பிரான்சைச் சேர்ந்த அலிஸ் மிலியா படகு வலிப்பில் தேர்ந்தவர். ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் தடகளம் வேண்டும் என்று அவர் கேட்டபோது கதவு திறக்கவில்லை. நவீன ஒலிம்பிக்கைத் தொடங்கிவைத்த குபெர்த்தேனுக்கே பெண்கள் போட்டியிடுவதில் விருப்பம் இல்லை. சரி, நாமே நடத்துவோம் என்று இறங்கினார் மிலியா. 1921இல் பெண்களுக்கென ஓர் அனைத்துலக விளையாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. 1922 ஆகஸ்ட் 20 அன்று பாரிசில் ஒரே நாளில், 11 பந்தயங்களோடு, 'பெண்கள் ஒலிம்பிக்' நடந்தது. சுமார் 20,000 பேர் பார்க்க வந்தார்கள். அன்று பெண்கள் 1,000 மீட்டர் ஓடினார்கள். யாரும் மடிந்துவிடவில்லை.

'ஒலிம்பிக்' என்ற பெயர் ஒலிம்பிக்காரர்களை உறுத்தியது. பெயரை விட்டுக்கொடுத்தால் எங்கள் பந்தயத்தில் உங்களுக்கும் இடம் என்று பேரம் பேசப்பட்டது. 1926இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்தபோது அது 'பெண்கள் உலகப் போட்டி' ஆகியிருந்தது. பேரத்துக்குக் கிடைத்த கூலி, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்தே ஐந்து தடகளப் பந்தயங்கள்: 100 மீட்டர், 800 மீட்டர், தொடர் ஓட்டம், உயரம் தாண்டுதல், வட்டு எறிதல்.

1928 ஆகஸ்ட் 2. 800 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் ஒன்பது பேர். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையோடு வென்றார். ஜப்பானின் கினுவே ஹிதோமி இரண்டாவது. 100 மீட்டரில் தோற்ற ஏமாற்றத்தில், அதுவரை பழகாத 800 மீட்டரில் துணிந்து இறங்கியவர் அவர். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் ஆசியப் பெண்ணும் அவரே. முதல் மூன்று இடம் பிடித்த மூவரும் அதுவரை இருந்த உலக சாதனையைத் தாண்டி ஓடினார்கள்.

மறுநாள் பத்திரிகைகளில் வந்த கதை வேறு. ஓடியவர்கள் பதினொரு பேர், ஐந்து பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் கோட்டைத் தாண்டியதும் சுருண்டு விழுந்தார்கள் என்று எழுதியது ஓர் அமெரிக்கப் பத்திரிகை. இப்படி ஓடினால் பெண்களுக்குச் சீக்கிரமே மூப்பு தட்டிவிடும் என்று மருத்துவர்கள் பெயரால் எச்சரிக்கைகள் வந்தன. ஆனால் அந்தப் பந்தயத்தின் படச்சுருள் இன்றும் இருக்கிறது. முடிவுப் பட்டியலும் இருக்கிறது. ஓடியவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். களைத்துப் புல்லில் சாய்ந்தவர்கள் உண்டு. 800 மீட்டர் முடித்த எந்த ஆணும் செய்வதுதான் அது.

ஆனாலும் பொய்தான் வென்றது. பெண்கள் 800 மீட்டர் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது. அடுத்த 32 ஆண்டுகளுக்கு, 1960 ரோம் வரை, ஒலிம்பிக்கில் தனிநபர் பந்தயமாக 200 மீட்டருக்கு மேல் எந்தப் பெண்ணும் ஓடவில்லை. ஹிதோமி 1931இல், அந்தப் பந்தயம் நடந்த அதே ஆகஸ்ட் 2ஆம் நாள், 24 வயதில் நோயால் இறந்துபோனார்.

அதே ஆகஸ்டில் நம் வயலில்

மிலியாவின் போட்டி மட்டும் 800 மீட்டரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1930இல் பிராகாவில், 1934 ஆகஸ்டில் லண்டனில் பெண்கள் அதை ஓடினார்கள். அந்த 1934 ஆகஸ்டில்தான் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அதோடு சேர்ந்த திட்டத்தில் கல்லணையிலிருந்து வெட்டிய கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் இன்றைக்கும் 'புது ஆறு' என்றுதான் சொல்கிறார்கள். புதுத் தண்ணீர் வந்தால் புது நடவு. நடவு என்றால் பெண்கள்.

சேடை ஓட்டிய வயலில் முழங்கால் அளவு சேற்றில் இறங்கி, இடுப்பை ஒடித்துக் குனிந்து, பின்னாலேயே நகர்ந்துகொண்டு, விரலால் நாற்றை ஊன்றுவது நடவு. விடிந்ததும் இறங்கினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை நிமிர முடியாது. குறுவைக்கு ஒரு நடவு, சம்பாவுக்கு ஒன்று, தாளடிக்கு ஒன்று. நடுவில் களையெடுப்பு. பிறகு அறுப்பு, கட்டு சுமந்து களம் சேர்ப்பது. பிள்ளை பெற்ற சில மாதங்களிலேயே வரப்பில் தூளி கட்டிவிட்டு வயலில் இறங்கியவர்கள் உண்டு.

இரண்டேகால் நிமிட ஓட்டத்தைப் பெண் உடம்பு தாங்காது என்று ஐரோப்பாவில் தீர்ப்பு எழுதிய காலம் அது. இங்கே நடவாளின் முதுகு தாங்குமா என்று எந்த மருத்துவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கூலி மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சம வேலைக்குச் சம ஊதியம் என்று இந்தியாவில் சட்டம் வந்ததே 1976இல்தான். பெண் உடம்பு பலவீனமானது என்பது ஒரு மருத்துவ உண்மையாக இருந்திருந்தால் அது வயலுக்கும் பொருந்தியிருக்க வேண்டும். அடுத்தவருக்காக உழைக்கும்போது வராத கவலை, தனக்காக ஓடும்போது மட்டும் வந்தது. பெண்கள் தடகளத்தின் வரலாறு முழுக்க இந்த ஓரவஞ்சனை தொடர்கிறது.

இந்தியப் பெண்கள் கோட்டுக்கு வந்த கதை

1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. 100 மீட்டரில் ரோஷன் மிஸ்திரி வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நீலிமா கோஷும் மேரி டிசோசாவும் ஓடினார்கள். ஒலிம்பிக் தடகளத்தில் கால் பதித்த முதல் இந்தியப் பெண்கள் அவர்கள். 1954 மணிலாவில் பெண்கள் தொடர் ஓட்ட அணி தங்கம் கொண்டுவந்தது. தனிநபர் தங்கத்துக்கு 1970 பாங்காக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தவர் 400 மீட்டர் ஓடிய கமல்ஜீத் சந்து.

1975ஐ அனைத்துலக மகளிர் ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. அதையொட்டி இந்திய அரசு தேசிய மகளிர் விளையாட்டு விழாவைத் தொடங்கியது. கீழ்மட்டத்திலிருந்து மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகத் தேர்ந்து தேசிய அளவுக்குப் போகும் போட்டி அது. தடகளமும் அதில் உண்டு. ஆண்கள் போட்டியின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் பெண்களுக்கென்று தனி மேடை. பாரிசில் மிலியா போட்ட கணக்கை அரை நூற்றாண்டு கழித்து நம் அரசும் போட்டது.

800 மீட்டர் மெல்ல மெல்ல இந்தியப் பெண்களின் பந்தயமானது. 1978 பாங்காக்கில் கீதா ஜுட்சி தங்கம். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஷைனி ஆபிரகாம் அரையிறுதி வரை போனார். 1986 சியோலில் அவரே முன்னணியில் ஓடி, தடம் மாறிய தவறுக்காகத் தகுதி நீக்கப்பட்டார். அந்த ஷைனிதான் 1995 டிசம்பரில் சென்னை நேரு விளையாட்டரங்கில், தெற்காசியப் போட்டியில், 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். 1998இல் ஜோதிர்மயி சிக்தர், 2002இல் கே.எம். பீனாமோள் என்று அடுத்தடுத்த ஆசிய விளையாட்டுகளில் தங்கம் வந்தது.

ஏன் இந்தத் தூரம்? 100 மீட்டருக்குத் தொடக்கம் முக்கியம்; அதற்கு ஸ்பைக்ஸ், ஸ்டார்டிங் பிளாக், செயற்கை ஓடுபாதை எல்லாம் வேண்டும். கோலூன்றித் தாண்ட விலையுயர்ந்த கோலும் மெத்தையும் வேண்டும். 800 மீட்டருக்கு ஆற்றங்கரைச் சாலை போதும். ஒரு மதகிலிருந்து அடுத்த மதகு வரை, திரும்பி வா என்று ஒரு உடற்கல்வி ஆசிரியர் சொன்னால் பயிற்சி தொடங்கிவிடும். ஆனால் ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரக்கமே இல்லாத தூரம் இது. குறுஓட்டத்தின் வேகமும் வேண்டும், நெடுஓட்டத்தின் மூச்சும் வேண்டும். 600 மீட்டருக்கு மேல் தொடை கல்லாகிவிடும். மனசு நில் என்னும். அந்தக் கடைசி 200 மீட்டரை ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஓடிக் கடந்தார்கள். வீட்டில் பழகிய பொறுமை அங்கே கைகொடுத்தது.

விளிம்பிலிருந்து வந்தவர்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. 1974இல் தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கிய மாவட்டம் அது. காவிரி பாயும் பச்சை முடிந்து செம்மண் தொடங்கும் விளிம்பு. செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த பெற்றோருக்கு 1981இல் பிறந்த சாந்தி சௌந்தரராஜனுக்கு மண் தரையில் ஓடக் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தாத்தா.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, பெண்கள் 800 மீட்டர். பஹ்ரைனின் மரியம் யூசுப் ஜமால் முதலிடம். அவருக்குப் பின்னால் சாந்தியும் கஜகஸ்தான் வீராங்கனையும் ஒரே மூச்சில் கோட்டைத் தொட்டார்கள். சாந்திக்கு 2 நிமிடம் 3.16 விநாடி, 0.03 விநாடி வித்தியாசத்தில் வெள்ளி. சூளைத் தொழிலாளி மகள் ஆசிய மேடையில் நின்றாள் என்று தமிழ்நாடு கொண்டாடிய சில நாட்களிலேயே, பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஓர் இளம்பெண்ணின் உடம்பைப் பற்றிய மருத்துவ ரகசியம் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது.

பெண்தானா என்று சோதிக்கும் வழக்கம் தடகளத்தில் 1966 அளவில் முறையாகவே தொடங்கிவிட்டது. முதலில் மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள். பிறகு குரோமோசோம் சோதனை வந்தது. உடம்பின் அமைப்பு பள்ளிக்கூடப் பாடத்தில் சொல்வதுபோல் இரண்டே கட்டங்களுக்குள் அடங்குவதில்லை என்று மருத்துவர்களே சொன்னதால், எல்லோருக்கும் கட்டாயம் என்ற முறையைத் தடகளக் கூட்டமைப்பு 1992இலும் ஒலிம்பிக் குழு 1999இலும் கைவிட்டன. ஆனால் சந்தேகம் எழுந்தால் சோதிக்கலாம் என்ற வழி திறந்தே இருந்தது. சாந்தி அந்த வழியில்தான் சிக்கினார். அவருக்காக வாதாட அன்றைக்கு ஆள் இல்லை. மேல்முறையீடு என்று ஒன்று இருப்பதைச் சொல்லக்கூட ஆள் இல்லை.

அடுத்து வந்தவர்களுக்குக் கொஞ்சம் துணை கிடைத்தது. 2009இல் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யா மீது சோதனை பாய்ந்தபோது அவர் நாடே பின்னால் நின்றது; அவருடைய உலகத் தங்கம் அவரிடமே இருந்தது. அவரும் 800 மீட்டர்தான். 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த் ஒதுக்கப்பட்டபோது அவர் அனைத்துலக விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் அந்த விதியே நிறுத்திவைக்கப்பட்டது. பிறகு விதிகள் வேறு வடிவில் திரும்பின. 2025 செப்டம்பர் முதல், உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வருகிற ஒவ்வொருவரும் வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்று உலகத் தடகள அமைப்பு விதித்திருக்கிறது. பெண்கள் பிரிவு நியாயமாக இருக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. அந்த நியாயம் ஒரு பெண்ணின் அந்தரங்கத்தைத் தெருவில் போடாமல் நடக்க வேண்டும் என்பதிலும் மறுப்பு இருக்க முடியாது.

சாந்திக்கு அன்றைய முதலமைச்சர் கருணாநிதி, பதக்கம் போனாலும் பரிசு போகாது என்று 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். இடையில் வறுமை மீண்டும் அவரைச் சூளைக்கே கொண்டுபோனது. பிறகு பயிற்சியாளர் படிப்பு முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். பதக்கம் இன்னும் திரும்பி வரவில்லை.

இன்னொரு தோஹா

2019 ஏப்ரல் 22, அதே தோஹா, அதே 800 மீட்டர், ஆசியத் தடகளச் சாம்பியன் போட்டி. திருச்சி அருகே முடிகண்டத்து விவசாயக் கூலிக் குடும்பத்துப் பெண் கோமதி மாரிமுத்து, 30 வயதில், 2 நிமிடம் 2.70 விநாடியில் முதலாவதாக வந்தார். மகளை ஓட அனுப்பிய தந்தை அந்த நாளைப் பார்க்க உயிரோடு இல்லை. முடிகண்டத்துக்குக் கேமராக்கள் வந்தன, கட்சிக்காரர்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டே அவரிடமிருந்து எடுத்த மாதிரிகளில் தடைசெய்யப்பட்ட ஊக்கமருந்து இருந்ததாக முடிவாகி, நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது. தங்கம் போயிற்று. தான் எதையும் எடுக்கவில்லை என்று அவர் மறுத்தார்.

திருச்சி குண்டூரின் தனலட்சுமி கதையும் ஏறக்குறைய இப்படித்தான். 2021 பெடரேஷன் கோப்பையில் 200 மீட்டரை 23.26 விநாடியில் ஓடி, பி.டி. உஷா 1998இல் வைத்த போட்டிச் சாதனையை முறியடித்தார். மறு ஆண்டு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மூன்று ஆண்டுத் தடை பெற்றார்.

சாந்தியையும் இவர்களையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஒருவர் தண்டிக்கப்பட்டது தன் பிறப்புக்காக. ஊக்கமருந்து பிடிபடுவது வேறு கணக்கு. உடம்பில் என்ன இருக்கிறதோ அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு என்பது அனைத்துலக விதி. தெரிந்து போனதா, தெரியாமல் போனதா என்பதெல்லாம் பிறகுதான். அந்த விதி தேவைதான். ஆனால் மாத்திரை அட்டையில் உள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லவும், எந்த டப்பாவை வாங்கக் கூடாது என்று எச்சரிக்கவும் மாவட்டத் தலைநகரங்களில் ஓடும் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்? அவர்களைச் சோதிக்க உலகமே தேடி வருகிறது. சொல்லிக்கொடுக்க வருவோர் குறைவு.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் திருச்சியின் சுபா வெங்கடேசனும் மதுரையின் ரேவதி வீரமணியும் இந்தியாவுக்காக ஓடினார்கள். அதே அணியில் கடைசிச் சுற்று ஓடியவர் லால்குடி பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். 2023இல் கோவையின் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷாவின் 55.42 விநாடியை, 39 ஆண்டுகள் கழித்து, சரியாகத் தொட்டார்.

பதினான்கும் பதினேழும்

பள்ளிப் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்டோர், 17, 19 என்று பிரிவுகள். முதல் பிரிவில் பெண்கள் கூட்டமாக ஓடுவார்கள். அடுத்த பிரிவுக்குப் போகும்போது வரிசை மெலிந்துவிடும். இடையில் என்ன நடக்கிறது என்று எந்த உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். பெண் வயதுக்கு வருகிறாள். சடங்கு சுற்றுகிறார்கள். அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் ஓடுவது இனிமேல் சரிப்படாது என்று வீடு முடிவு செய்கிறது. மைதானத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை, கூட வர ஆசிரியை இல்லை. இருட்டியபின் பஸ் இல்லை. இதில் எதுவும் அவள் காலில் இருக்கும் குறை இல்லை.

மயிலாடுதுறை அருகே மூவலூரில் வாழ்ந்து பெண் விடுதலைக்குப் போராடிய ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம். அதே பெயரில் 2022 செப்டம்பரில் அது உயர்கல்வி படிக்கும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. திருமணத்துக்குப் போன பணம் படிப்புக்குப் போனால், பெண் மூன்று நான்கு ஆண்டுகள் கூடுதலாகக் கல்லூரியில் இருப்பாள். 800 மீட்டர் ஓடுபவர்கள் உச்சத்தை எட்டுவது இருபதுகளில். தஞ்சாவூரில் குந்தவை நாச்சியார் கல்லூரி மைதானத்திலோ அன்னை சத்யா விளையாட்டரங்கிலோ மாலையில் ஓட அந்த ஆண்டுகள்தான் வேண்டும். கட்டணமில்லாப் பேருந்தும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீடும் அதே கணக்கில் சேரும். பதக்கக் கணக்கில் இவை தெரியாது. ஆனால் பதினான்கிலிருந்து பதினேழுக்குப் போகும் பாலத்தில் இவையெல்லாம் பலகைகள்.

இன்னும் போடாத பலகைகளும் உண்டு. குறுவட்டம் முடிந்து மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள் நகரும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை டெல்டாவை மூழ்கடிக்கிறது. சம்பாவுக்கு நல்லது, மைதானத்துக்குச் சேறு. அறுப்புக் காலத்தில் சாலையில் நெல் காயும், மாலை ஓட்டத்துக்கு இடம் சுருங்கும். வயலுக்கு வடிகால் வெட்டத் தெரிந்த ஊருக்கு மைதானத்துக்கு ஒரு வடிகால் வெட்டுவது பெரிய வித்தை இல்லை.

பேனாவை மூடாதீர்கள்

நூறாண்டுக் கதையைத் திரும்பிப் பார்த்தால் சோதிக்கப்பட்டது எப்போதும் பெண்ணின் உடம்புதான். அது தாங்குமா என்றார்கள். அது பெண்தானா என்றார்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்றார்கள். கடைசிக் கேள்விக்காவது நியாயம் உண்டு. ஆனால் அவள் ஓடும் தரையை, சாப்பிடும் சாப்பாட்டை, திரும்பிப் போகும் இருட்டுப் பாதையை அதே கறாரோடு சோதிக்க யாரும் வந்ததில்லை.

1928ஆம் ஆண்டுப் பொய் 32 ஆண்டுகள் ஓடியது. கடைசியில் அது பொய்யென்று நிரூபணமானதற்குக் காரணம் வெற்றி பெற்ற லீனா ராட்கேயின் நேரம் மட்டும் இல்லை. ஒன்பதாவதாக வந்தவளும் கோட்டைத் தாண்டினாள் என்று எங்கோ ஒருவர் எழுதிவைத்திருந்தார்.

தஞ்சாவூர்ப் பள்ளி மைதானத்துக்குத் திரும்புவோம். மூன்று பேர் வந்தாயிற்று. மேசைக்காரரின் பேனா மூடப்போகிறது. நான்காவதாக வருகிறவள் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் எத்தனை நிமிடத்தில் முடித்தாள் என்று இன்று எழுதிவைத்தால்தான், அடுத்த ஆண்டு எத்தனை விநாடி குறைந்திருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், அவள் அப்பாவிடம் காட்ட ஆசிரியைக்கும் ஒரு காகிதம் இருக்கும். அவள் பின்னால் இன்னும் நாலு பேர் வந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்டாப்வாட்ச் ஓடட்டும்.